பங்குக் கிணற்றில் உப்பு

அத்தியாயம் 3

கனகாம்பிகை அன்ரி தந்த தேத்தண்ணீரில் ஒரு மிடறு குடித்துவிட்டு, விழுங்குவதா துப்புவதா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். கட்சிக்காரர் வீட்டில் துப்பினால் கூலி வராது. விழுங்கினேன்.

"எப்பிடி இருக்கு?" என்றார் அன்ரி.

"சீனியெண்டு நினைச்சு உப்பைப் போட்டிட்டியள் போல."

"சீனி மூண்டு கரண்டி போட்டனான். தண்ணிதான் உப்பிடிச் சவர். அதுக்குத்தானே உங்களைக் கூப்பிட்டது."

எனக்குப் பக்கத்தில் இருந்த மீனாம்பிகை அக்கா தன் கோப்பையை ஒரு சொட்டு விடாமல் குடித்து முடித்துக் கீழே வைத்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அவரிடம் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த முகத்தில் மாற்றம் வருமென்று காத்திருக்கிறேன். சம்பள உயர்வுக்கும் அப்படித்தான் காத்திருக்கிறேன்.

சுன்னாகம் சந்தைக்குப் பின்னால் ஒரு தையல்கடையின் மேல்மாடியில் இருக்கிறது எங்கள் துப்பறியும் நிலையம். மீனாம்பிகை அக்கா முதலாளி. நான், கோபிசங்கர், உதவியாளன், ஓட்டோவும் என்னுடையதுதான். எங்களுக்கு வருவதில் முக்கால்வாசி கலியாண விசாரணை. கனடா மாப்பிள்ளைக்கு அங்கே ஏற்கெனவே பெண்சாதி இருக்கிறாளா, லண்டன் மாப்பிள்ளை சொல்லும் வேலையைத்தான் செய்கிறானா என்று கண்டுபிடித்துக் கொடுப்போம். கிணற்றுக்கு உப்புப் போட்டவனைத் தேடுவது இதுதான் முதல் தடவை.

வழக்கு இதுதான். சுன்னாகத்துக்கும் மருதனார்மடத்துக்கும் இடையில், செம்மண் தோட்டங்களுக்கு நடுவே ஒரு பங்குக் கிணறு. நாலு குடும்பத்துக்குச் சொந்தம். வெங்காயத்துக்கு இறைப்பதும் அதில்தான், குடிப்பதும் அதில்தான். நாளுக்கொருவராக முறை வைத்து இறைக்கிறார்கள். தம்பிஐயா, தியாகராசா, சிவரூபன், கடைசியாகக் கனகாம்பிகை அன்ரி. தன் முறை வரும் காலையில் மட்டும் தண்ணீர் சவராக வருகிறது என்பது அன்ரியின் முறைப்பாடு.

"எனக்கு முதல் நாள் ஆர் இறைக்கிறது? உவன் சிவரூபன். பின்னேரம் இறைச்சு முடிய, ஒரு சாக்கு உப்பைக் கொட்டிப்போட்டுப் போறான். சாக்கை அவன்ரை மோட்டருக்குப் பக்கத்தில நானே எடுத்தனான்."

சாக்கைக் கொண்டுவந்து போட்டார். அக்கா அதை உதறினார். உள்ளே மூலையில் நாலைந்து உப்புக் கட்டிகள் ஒட்டிக்கிடந்தன.

"அவருக்கு உங்களோடை என்ன கோவம்?"

அன்ரி முற்றத்துக்கு அப்பாலிருந்த கிடுகு வேலியைப் பார்த்தார். வேலியின் நடுவில் ஓரிடத்தில் மட்டும் கிடுகு புதிது. அதில் முந்தி ஒரு பொட்டு இருந்திருக்கிறது. ஆள் குனிந்து போய்வரும் வழி. அதை யாரோ அடைத்திருக்கிறார்கள்.

"சிவரூபன்ரை மனிசி நிரோஜா என்ரை சின்னம்மாவின்ரை மகள். எல்லைக் கதையில வாய்ச்சண்டை வந்து நான்தான் பொட்டை அடைச்சனான். பேந்து மாசியில அவளுக்குக் காய்ச்சல். மூண்டு நாளில செத்துப்போட்டாள். அந்த மூண்டு நாளும் நான் எட்டிப் பாக்கேல்லை." அன்ரி இதைச் சந்தை விலை சொல்வதுபோலச் சொன்னார். "அந்தக் கோவம்தான் அவனுக்கு."

"இண்டைக்குப் பின்னேரம் பங்காளர் எல்லாரும் கூடுறியள் எண்டு சொன்னியள்."

"ஓம். அது நிரோஜாவின்ரை சீதனக் காணி. பிள்ளையில்லாமல் செத்தவளின்ரை சீதனம் தாய்வழிக்குத் திரும்பவேணும். பாவமெண்டு விட்டு வைச்சிருந்தனாங்கள். இனி ஏலாது. முறையையும் எடுக்கிறது, வீட்டையும் எடுக்கிறது. அவன் கரவெட்டிக்குத் திரும்பிப் போகட்டும்."

"அங்கை ஆர் இருக்கினம்?"

"ஒருத்தருமில்லை."

எழும்பும்போது அக்கா கொட்டிலைக் காட்டினார். கூரை வளையெல்லாம் வெங்காயப் பிடிகள் தொங்கின. ஒரு பக்கம் சிவப்புப் பழந்துணியால் கட்டியவை, மறுபக்கம் வாழைநாரால் கட்டியவை.

"ரெண்டு கட்டு இருக்கே?"

"வாழைநார் என்ரை. மற்றது சிவரூபன்ரை விதை வெங்காயம். போன கிழமை றோட்டாலை சுத்திக் கொண்டந்து தூக்கிப்போட்டு, 'மச்சாள், இதை நீங்கள் நடுங்கோ' எண்டிட்டுப் போறான். மடியில கனமிருக்கிறவனுக்குத்தானே வழியில பயம்? லஞ்சம் தந்து வாயை அடைக்கப் பாக்கிறான்."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

*

சிவரூபன் அண்ணை வீட்டு முற்றம் கூட்டித் தெளிக்கப்பட்டிருந்தது. அவர் எங்களை இருத்தி, கேட்காமலே செம்பில் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். அதே சவர். தானும் ஒரு கிளாஸ் குடித்தார். முகம் சுளிக்கவில்லை. மீனாம்பிகை அக்காவுக்குப் போட்டியாக ஊரில் இன்னொரு முகம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"கிணத்துக்கு உப்புப் போட்டது நீங்களோ?" அக்கா சுற்றிவளைக்கவில்லை.

"ஓம்," என்றார்.

எனக்குச் சப்பென்று போய்விட்டது. ஒரு வழக்கு இவ்வளவு கெதியாக முடிந்தால் பெற்றோல் காசுகூடக் கேட்க முடியாது.

"தூள் உப்போ, கட்டி உப்போ?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "தூள்."

"எத்தினை தரம் போட்டனீங்கள்?"

"மச்சாள் எத்தினையெண்டு சொன்னவ? அத்தினை."

"இண்டைக்குக் கூட்டத்துக்கு வருவியளோ?"

"நான் ஏன்? என்ரை முறையை மச்சாளே எடுக்கட்டும். வீட்டையும் எடுக்கட்டும். எனக்கொண்டும் இல்லை." குரலில் கோபமும் இல்லை, துக்கமும் இல்லை. வாசலுக்கு வந்து எங்களை வழியனுப்பும்போது சிரிக்கக்கூடச் செய்தார்.

படலையைத் தாண்டியதும் அக்கா வேலியோரம் நின்ற இரண்டு தென்னம்பிள்ளைகளைக் காட்டினார். அடியில் மண்ணோடு மண்ணாய் வெள்ளைப் பொருக்கு.

"தென்னம்பிள்ளைக்கு உரமா உப்பு வைச்சிருக்கினம். கட்டி உப்பு. அந்தச் சாக்கு இதுக்கு வந்தது."

"அப்ப ஏன் தான் போட்டது எண்டு சொல்றார்?"

"தெரியாது. பொய் சொல்லித் தப்பிறவையைத்தான் எனக்குத் தெரியும். பொய் சொல்லி மாட்டுப்படுறவரை இண்டைக்குத்தான் பாக்கிறன்." அக்கா ஓட்டோவில் ஏறினார். "கோபி, வரேக்கை எட்டிப் பாத்தனாங்கள், அந்தக் கிணத்துக்குள்ளை கறுப்புக் குழாய் ஒண்டு தொங்கினதைக் கண்டனியோ?"

"கண்டனான். மோட்டர்ச் சாமானெண்டு நினைச்சன்."

"சாட்சி அது. கிணத்துக்குள்ளையே குடியிருக்கிற சாட்சி. எடு ஓட்டோவை."

*

சாட்சிக்குச் சொந்தக்காரி சுபாஜினி. காலநிலை மாற்றம் பற்றிய ஓர் ஆராய்ச்சித் திட்டத்தில் வேலை செய்யும் பிள்ளை. மருதனார்மடம் சந்தியில் ஒரு கூல்பாரில் அவளைப் பிடித்தோம். மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, எதிரே இருந்த ஐஸ்கிறீம் உருகுவதைக் கவனிக்காமல் இருந்தாள். அந்தக் குழாய் தண்ணீரின் உப்பை இரவுபகலாக அளந்து அனுப்புகிறது என்றாள்.

"அப்ப உப்புப் போட்ட நேரம் அதில தெரியும்தானே?" என்றார் அக்கா.

"ஆராவது போட்டிருந்தா, கோடு ஒரே பாய்ச்சலா மேலை போயிருக்கும். பாருங்கோ." திரையைத் திருப்பினாள். ஒரு கோடு மெல்ல ஏறி மெல்ல இறங்கியது. பாய்ச்சல் ஒன்றும் இல்லை. "ஒருத்தரும் ஒண்டும் போடேல்லை அக்கா. மோட்டர் ஓட ஓடக் கீழையிருந்து ஏறுது. எங்கடை நல்ல தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்குள்ளை, கடல் தண்ணிக்கு மேலை மிதந்துகொண்டு நிக்குது. இறைக்கேக்கை கடல் கொஞ்சம் ஏறும், விட்டாத் திரும்ப இறங்கும்."

"அது எப்பவும் நடக்கிறதுதானே? இப்ப என்ன புதிசு?"

"தெளியிற நேரம். நான் குழாய் கட்டின புதிசில, பின்னேரம் இறைச்சால் விடியிறதுக்குள்ளை தண்ணி பழையபடி வந்திடும். பேந்து விடிஞ்சும் வரேல்லை. இப்ப அடுத்த ஆள் மோட்டரைப் போடுறவரைக்கும் தெளியிறதே இல்லை. சராசரி உப்பைப் பாத்தா பெரிசாக் கூடேல்லை, அதாலை ஒருத்தரும் பயப்பிடேல்லை. ஆனா அடி விழுந்தா எழும்பிறதுக்கு எடுக்கிற நேரம் கூடிக்கொண்டு போகுது. இண்டைய அளவு நேத்தைய அளவைப் போலவே வரத் தொடங்கியிருக்கு. கணக்கில அதுதான் முதல் எச்சரிக்கை."

"நேத்து மாதிரி இண்டைக்கும் இருந்தா நல்லதுதானே தங்கச்சி?" என்றேன். "நான் கோயிலில கேக்கிறதே அதுதான்."

அவள் சிரிக்கவில்லை. "ஊர்க் கூட்டத்திலையும் எல்லாரும் உதைத்தான் சொன்னவை. கைதட்டினவை."

ஐஸ்கிறீம் மேசையில் வழியத் தொடங்கியிருந்தது.

"துருவத்து ஐஸைப் பாக்கிறவை, கடல் நீரோட்டத்தைப் பாக்கிறவை எல்லாரும் போடுறது இந்தக் கணக்குத்தான்," என்றாள். "கவிழ முதல் எல்லாம் இப்பிடித்தான் மந்தமாகும். மழையும் இப்ப முந்தி மாதிரி இல்லை. ஒரேயடியா ஊத்தி ஓடிக் கடலுக்குப் போகுது. நிலத்துக்குள்ளை இறங்குறது குறைவு."

"உன்ரை குழாய் பழுதெண்டாலும் கோடு இப்பிடி வருமோ?" என்றார் அக்கா.

முதல் தடவையாக அவள் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. இந்தக் கேள்வியை ஒருவரும் அவளிடம் கேட்டிருக்கமாட்டார்கள். "வரலாம். பொய் எச்சரிக்கையும் இருக்கு. அதுக்குத்தான் பக்கத்துக் கிணறு ரெண்டிலையும் கட்டினனான். இங்கையிருந்த குழாயை அங்கை மாத்தியும் பாத்தன். அதுகள் ஒழுங்காத் தெளியுது. இது மட்டும்தான் இல்லை."

"எப்ப கவிழும்?"

"திகதி சொல்லேலாது. கிட்ட வந்திட்டுது எண்டு மட்டும்தான் சொல்லலாம். கவிழ்ந்தாப் பேந்து மோட்டரை நிப்பாட்டியும் பிரியோசனமில்லை. கடல் மேலை வந்து இருந்திடும். இப்பவே இறைப்பைப் பாதியாக் குறைச்சா, மாரி மழையோடை எழும்பும்."

திரும்பி வரும் வழியில் அக்கா கிணற்று முறையை விரலில் எண்ணிக்கொண்டு வந்தார். நான் இரண்டு பகிடி விட்டேன். இரண்டும் றோட்டில் விழுந்தன.

*

கிணற்றடியில் பங்காளர் கூடியிருந்தார்கள். தம்பிஐயா சைக்கிளில் சாய்ந்துகொண்டு நின்றார். தியாகராசா கிணற்றுக் கட்டின் மேல் இருந்தார். கனகாம்பிகை அன்ரியோடு அவர் மகன் செந்தூரன். சிவரூபன் அண்ணை சொன்னபடியே வரவில்லை.

"சொல்லுங்கோ பிள்ளை," என்றார் அன்ரி. "உவன்தானே?"

"ஒரு கேள்வி இருக்கு. சவர் வரத் தொடங்கினது எப்ப?"

"நிரோஜா செத்த கையோடை. மாசிக் கடைசி."

"அந்தியேட்டி முடியும்வரைக்கும் சிவரூபன் தோட்டத்துக்கு இறங்கினவரோ?"

"அதெப்பிடி? செத்தவீட்டுத் துடக்கெல்லே. வீட்டிலதான் கிடந்தவன். சொந்தக்காரர் ஆறேழு பேர் சுத்திவர."

"அந்த முப்பத்தொரு நாளும் அவரின்ரை முறைக்கு ஆர் இறைச்சது?"

எல்லாருடைய கண்ணும் செந்தூரனிடம் போனது.

"நான்தான்," என்றான் செந்தூரன். "கடை பூட்டிவந்து பின்னேரத்தில இறைச்சனான். நான் உப்புப் போடேல்லை!"

"இல்லை, நீர் போடேல்லை. ஆனா அடுத்த நாள் காலமை உம்மடை அம்மாவுக்குச் சவர்தான் வந்தது." அக்கா அன்ரியைப் பார்த்தார். "நிரோஜா இருக்கேக்கை எப்ப இறைக்கிறவ?"

"பின்னேரம்தான்," என்றார் அன்ரி. குரல் இறங்கிவிட்டது. "வெயில் தணியத்தான் இறைப்பாள்."

"அப்ப காலமைத் தண்ணி?"

"கற்கண்டு மாதிரி இருக்கும்."

"அதே பின்னேரம், அதே மோட்டர். ஆள் மாறியும் சவர் மாறேல்லை. மாறினது கிணறு. முந்தி ஒரு இரவில தெளிஞ்சுது. இப்ப தெளிய ஏலாமல் நிக்குது. நாலு பேருக்கும் சவர்தான், ஆனா நீங்கள் ரெண்டு பேரும் வெயிலேற இறைக்கிறியள், சிவரூபன் பின்னேரம், உப்பு கொஞ்சம் இறங்கினாப் பிறகு. அன்ரி விடிய வெள்ளண மோட்டரைப் போடுறா. அதாலை அவவின்ரை நாக்கில முதல் பட்டிருக்கு." பிறகு சுபாஜினி சொன்னதைச் சுருக்கமாகச் சொன்னார். பாதியாகக் குறைக்காவிட்டால் நாலு பேருக்கும் கிணறு இல்லை.

தம்பிஐயா சைக்கிளை நிமிர்த்தினார். "பாதித் தண்ணியில வெங்காயம் வைக்கேலுமே? எங்களைப் பட்டினி கிடக்கச் சொல்லுறியளோ?"

இந்தத் தொழிலில் குற்றவாளியைக் கண்டுபிடித்தால் ஒரு சந்தோசம் வரும். அன்றைக்கு வரவில்லை.

கடைசியில் அன்ரிதான் வாயைத் திறந்தார். "என்ரை பாதியை நான் விடுறன். உதை முதல் சொல்லவேண்டியவள் நான்தான். ஊரெல்லாம் அவன்ரை பேரைக் கெடுத்தனான்." கொஞ்சம் நின்றார். "ஆனா ஒண்டு எனக்கு விளங்கேல்லை. குற்றம் செய்யாதவன் எனக்கேன் விதை வெங்காயத்தைக் கொண்டந்து தந்தவன்?"

மீனாம்பிகை அக்காவின் முகம் மாறியது. நான் இத்தனை காலம் காத்திருந்த மாற்றம். ஆனால் அதைப் பார்த்திருக்கக் கூடாது என்று தோன்றியது.

"முழு விதையுமோ தந்தவர்?"

"ஒரு பிடி மிச்சமில்லாமல்."

"விதை முழுக்கத் தந்தால், அவர் அடுத்த போகம் எதை நடுறது?"

கேள்வி முடிய முன்னரே அன்ரிக்கு விளங்கிவிட்டது. அவர் தோட்டக்காரி. கஞ்சிக்கு வழியில்லாத காலத்திலும் விதை வெங்காயத்தில் கைவைக்காத ஊர் அது.

"அவன் நடப்போறதில்லை," என்றார்.

"என்ரை அண்ணை சாகப் போறதுக்கு முதல் நாள் தன்ரை சைக்கிளை எனக்குத் தந்தவர்," என்றார் அக்கா. "நான் சந்தோசத்தில சந்தியெல்லாம் ஓடித்திரிஞ்சன்."

அன்ரி அதைக் கேட்டிருக்கமாட்டார். அதற்குள் ஓடத் தொடங்கிவிட்டார். றோட்டால் சுற்றிப் போனால் தூரம். தன் வளவுக்குள் புகுந்து, வேலியில் தானே அடைத்த பொட்டை இரண்டு கையாலும் பிய்த்தார். கிடுகு கையைக் கிழித்தது. செந்தூரனும் நானும் மற்றப் பக்கத்தை இழுத்தோம். அன்ரி குனிந்து நுழைந்தார்.

"சிவரூபன்! டேய் சிவரூபன்!"

அவர் பின் விறாந்தையில் இருந்தார். தோய்த்த வேட்டி கட்டியிருந்தார். நிரோஜாவின் படத்துக்கு விளக்கு ஏற்றியிருந்தது. உயிரோடு இருந்தார். எங்களைப் பார்த்து, "வாங்கோ," என்றார், பகலில் சொன்ன அதே குரலில். அக்கா வீட்டுக்குள் ஒரு தரம் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, ஒன்றும் கேட்காமல் அவருக்குப் பக்கத்தில் இருந்தார்.

அன்ரிக்கு மூச்சு வாங்கியது. "நீ உப்புப் போடேல்லை. எனக்குத் தெரியும் இப்ப. ஏன்ரா ஓமெண்டு சொன்னனி?"

"ஏதோ சொல்லவேணுமே, மச்சாள். இனி என்ரை பேரை வைச்சு நான் என்ன செய்ய?"

அன்ரி அழுதார், காலைப் பிடிக்கப் போனார், திட்டினார். நிரோஜா கிடந்த மூன்று நாளையும் தானே எடுத்துச் சொன்னார். சிவரூபன் அண்ணை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கிணற்றில் கல் விழுந்து சத்தம் வராததுபோல இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. நாங்கள் பிந்திவிட்டோம் என்றே நினைத்தேன்.

"விடுங்கோ அன்ரி," என்றார் அக்கா. "நேரமெடுக்கும். இண்டைக்கு ஆரும் இவரைத் தனிய விடுறதில்லை, அவ்வளவுதான். காலமை ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிக்கொண்டு போறன். கோபி, ஓட்டோவைப் படலைக்குள்ளை விடு."

செந்தூரன் சிவப்புத் துணி கட்டிய வெங்காயப் பிடிகளைப் பொட்டுக்குள்ளால் சுமந்து வந்து பழைய வளையிலேயே தொங்கவிட்டான். தம்பிஐயா வந்து முற்றத்தில் குந்தினார். வாழ்க்கையில் முதல் தடவையாக இறைப்பைப் பற்றிக் கதைக்காமல் இருந்தார். அன்ரி அடுப்பை மூட்டினார். எல்லாருக்கும் தேத்தண்ணீர் வந்தது. நான் என் பங்கைப் பேசாமல் விழுங்கினேன்.

சிவரூபன் அண்ணை கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். பிறகு அவர் ஒரு மிடறு குடித்தார். இன்னொன்று குடித்தார். மெல்ல, மிக மெல்ல, முகம் சுளித்தது.

"மச்சாள்," என்றார். "தேத்தண்ணி சரியான சவர்."

அன்ரி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஓமடா," என்றார். "குடி. நாளைக்குத் தியாகராசா வீட்டுப் பக்கத்துக் கிணத்தில அள்ளிக்கொண்டு வருவம்."